தூத்தல் விழுந்த ரோடும் கறுப்பு ஐஸும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி முதல் வாரம், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். எட்டயபுரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு விளாத்திகுளம் பக்கம் சித்தப்பா வீட்டுக்கு பைக்கில் போய்க்கொண்டிருந்தேன். மத்தியானத்திலிருந்து மூட்டம் போட்டுக்கொண்டிருந்த வானம், ஐந்தரைக்குத்தான் நாலு தூத்தல் போட்டிருந்தது. ரோடு நனைந்து கன்னங்கரேலென்று பளபளத்தது. எதிரில் ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. வேகம் நாற்பதுக்குக் கீழேதான். முன் பிரேக்கை மெதுவாகத்தான் தொட்டேன். தொட்டது வரைக்கும்தான் ஞாபகம். அடுத்த நொடி நான் ரோட்டில் படுத்திருக்கிறேன், எனக்கு முன்னால் பைக் தனியாக, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல, சுற்றிக்கொண்டே போகிறது.

மணிக்கட்டில் லேசான விரிசல், முழங்கையில் தோல் இல்லை, அவ்வளவுதான். ஆடு ஒன்றுக்கும் சேதமில்லை. மந்தைக்காரப் பெரியவர் என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "பெரும் மழ பேஞ்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது தம்பி. இந்தத் தூத்தலுதான் ஆளச் சாய்க்கும். அங்கிட்டு பாருங்க, டிராக்டரு மேலேறுன எடம்."

பார்த்தேன். வலது பக்கம் உழுத பிஞ்சையிலிருந்து ஒரு வண்டித்தடம் ரோட்டில் ஏறியிருந்தது. நான் விழுந்த இடத்தில் விரலை வைத்துத் தேய்த்தேன். தார் தட்டுப்படவில்லை. ஊரில் தலைக்குத் தேய்த்துக் குளிப்பார்களே கரம்பை மண், அந்த வழவழப்பு. ஒரு தாள் கனம்கூட இருக்காது. தாரும் கறுப்பு, கரிசலும் கறுப்பு, நனைந்தால் இரண்டும் ஒரே மினுமினுப்பு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

அப்போது எனக்கு ஞாபகம் வந்தது பல வருஷத்துக்கு முன் மினியாபொலிஸில் கழித்த ஒரு குளிர்காலம். ஆபீஸ் வேலையாக அனுப்பியிருந்தார்கள். போன முதல் வாரமே அங்கிருந்த தமிழ் நண்பர் ஒருவர் சொன்ன பாடம்: "பனி வெள்ளையா கிடந்தா பயப்படாதீங்க, அது தெரியும். ரோடு வெறும் ஈரமா கறுப்பா தெரியுது பாருங்க, அதுக்குத்தான் பயப்படணும்." அதைத்தான் அங்கே பிளாக் ஐஸ், கறுப்பு ஐஸ் என்கிறார்கள். கையில் கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த மூன்று வாரத்தில் இரண்டைப் பற்றியும் தேடித்தேடி வாசித்தேன். ஒன்று பூஜ்ஜியம் டிகிரியில் உறைந்த தண்ணீர். இன்னொன்று முப்பது டிகிரி வெக்கையில் குழைந்த மண். ஆனால் ஆளைக் கவிழ்க்கிற விதம் ஆச்சரியப்படுகிற அளவுக்கு ஒன்றாக இருக்கிறது.

முதலில் கறுப்பு ஐஸ். அது கறுப்பே இல்லை. கண்ணாடி மாதிரி நிறமில்லாத, மெல்லிய ஐஸ் படலம். காற்றுக் குமிழிகள் அதிகம் இல்லாததால் ஒளி சிதறாமல் உள்ளே போய், அடியில் இருக்கிற தாரின் கறுப்பைக் காட்டுகிறது. பகலில் உருகிய பனித்தண்ணீர் ராத்திரி உறையும்போதும், உறைநிலையை ஒட்டி மழைத்தூறல் விழும்போதும் இது உருவாகும். விடியற்காலை, மரநிழல், பாலம் இவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். பாலத்துக்கு மேலேயும் காற்று, கீழேயும் காற்று. மற்ற ரோட்டுக்கு அடியில் பூமியின் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும், பாலத்துக்கு அதுவும் கிடையாது. அதனால் ரோட்டுக்கு முந்தி பாலம் உறையும். அமெரிக்காவில் பாலத்துக்கு முன்னால் இதையே எழுதி போர்டு வைத்திருப்பார்கள்.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று தோன்றலாம். கோவில்பட்டியை ஒட்டிப் போகிற நாலுவழிச் சாலையை நினைத்துப் பாருங்கள். முன்பு என்.எச். 7 என்று சொல்லிக்கொண்டிருந்தோம், இப்போது என்.எச். 44. கன்னியாகுமரியில் தொடங்கி எங்கள் கரிசல் காட்டைக் கடந்து போகிற இதே ரோட்டின் வடக்கு முனை ஸ்ரீநகர். அங்கே பானிஹால், காசிகுண்ட் பக்கம் குளிர்காலத்தில் கறுப்பு ஐஸ் சர்வ சாதாரணம். 2021-இல் திறந்த எட்டரை கிலோமீட்டர் சுரங்கப்பாதை, பழைய ஜவஹர் சுரங்கத்தைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வாகப் போவதற்கு ஒரு காரணமே அந்த உயரத்துப் பனியைத் தவிர்ப்பதுதான். ஆக, ஒரே ரோடு. மேல் முனையில் கறுப்பு ஐஸ், கீழே கறுப்பு மண். எங்கள் ஊர்த் தீப்பெட்டி பண்டலை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி டிரைவர்களில் இரண்டையும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி ஒருவரை பைபாஸ் டீக்கடையில் பிடித்தேன். ஐம்பது வயசு இருக்கும். என் கைக்கட்டைப் பார்த்து அவரே பேச்சை ஆரம்பித்தார். கதையைச் சொன்னதும் சிரித்தார்.

"அண்ணாச்சி, காஷ்மீர்ல ஐஸ்ல நிக்கும்போது எனக்கு நம்மூரு புதூர் ரோடுதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டுலயும் ஸ்டேரிங்கு திடீர்னு லேசாயிரும். கையில வெயிட்டே இருக்காது. அந்த லேசு வந்துச்சுன்னா, பிரேக்குல கால வைக்கப்படாது. வச்சா வண்டி நம்ம வண்டி இல்ல."

ஸ்டேரிங் லேசாவது: இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் படிக்கவில்லை. முன் டயரும் ரோடும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஸ்டேரிங்கில் ஒரு எதிர்ப்பு தெரியும். பிடி போனால் எதிர்ப்பும் போகும்.

ஐஸ் ஏன் வழுக்குகிறது? பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னது, அழுத்தினால் ஐஸ் உருகும், உருகின தண்ணீர் வழுக்கும் என்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்கவே நிற்காது. கார் டயரின் அழுத்தம் 30 பிஎஸ்ஐ, அதாவது சுமார் இரண்டு வளிமண்டல அழுத்தம். அந்த அழுத்தத்துக்கு ஐஸின் உருகுநிலை குறைவது 0.02 டிகிரிகூட இல்லை. பிறகெப்படி? 1850-இல் மைக்கேல் ஃபாரடே ஒரு சொற்பொழிவில் சொன்ன யோசனைதான் கடைசியில் ஜெயித்தது. ஐஸின் மேற்பரப்பு எப்போதுமே முழுத் திடமாக இருப்பதில்லை, பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் மேலே ஒரு நனைந்த தோல் இருக்கிறது என்றார். மேல்வரிசை மூலக்கூறுகளுக்குப் பிடித்துக்கொள்ள மேலே ஆள் இல்லை, அதனால் அவை தளர்ந்து உருளுகின்றன. அதோடு, 1939-இல் பவுடன், ஹியூஸ் என்ற இருவர் காட்டியதுபோல, உராய்கிற சூடும் கொஞ்சம் ஐஸை உருக்குகிறது.

இதிலிருந்து வருகிற ஒரு விஷயம்தான் என்னை உட்காரவைத்தது. குளிர் கூடக்கூட வழுக்கலும் கூடும் என்றுதான் நாம் நினைப்போம். டயரைப் பொறுத்தவரை நேர்மாறு. மைனஸ் 20-இல் இறுகிக் காய்ந்த ஐஸில் ஓரளவு பிடி இருக்கும். மைனஸ் 1, பூஜ்ஜியம் என்று உருகலாமா வேண்டாமா என்று நிற்கிற ஐஸ்தான் படுமோசம். அடியில் ஐஸ், மேலே மெல்லிசாகத் தண்ணீர். முழுசாக உறைந்ததும் இல்லை, முழுசாக உருகினதும் இல்லை.

ஆட்டுக்காரப் பெரியவர் சொன்னதும் இதைத்தானே! பெரும் மழை என்றால் பிரச்சினை இல்லை, காய்ந்து கிடந்தாலும் பிரச்சினை இல்லை. தூத்தல்தான் ஆளைச் சாய்க்கும். கரிசலிலும் ஆபத்து நடுவில்தான் இருக்கிறது.

கரிசல் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மண்ணியல்காரர்கள் இதை வெர்ட்டிசால் என்ற வகையில் வைக்கிறார்கள். அந்த வகையில் சேரவேண்டுமென்றால் குறைந்தது 30 சதவீதமாவது களி இருக்கவேண்டும். கரிசலில் பெரும்பாலும் அதைத் தாண்டியே இருக்கும். களி என்றால் இரண்டு மைக்ரானுக்கும் சிறிய துகள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனால் அளவு மட்டும் கதை இல்லை. எந்தக் களி என்பதுதான் கதை. செவலில் அதிகம் இருப்பது கயோலினைட் வகை. அதன் அடுக்குகள் ஒன்றோடொன்று இறுக்கமாகக் கட்டியிருக்கும், தண்ணீர் இடையில் போகமுடியாது. கரிசலில் இருப்பது ஸ்மெக்டைட் வகை, அதில் பிரபலமானது மான்ட்மோரில்லோனைட். பிரான்சில் மான்ட்மோரில்லோன் என்கிற ஊரின் பெயர். ஒரு நானோமீட்டர் கனமுள்ள தகடுகள், சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி வைத்தது. சீட்டுக்குச் சீட்டு இடையில் தண்ணீர் புகுந்துவிடும். ஒரு கிராம் மண்ணை எடுத்து எல்லாச் சீட்டையும் பிரித்துப் பரப்பினால் 700 சதுர மீட்டர் அளவுக்கு வரும். கயோலினைட்டில் அது பத்து இருபது சதுர மீட்டர்தான்.

சித்திரையில் கையே உள்ளே போகிற அளவுக்குக் கரிசல் வெடிப்பதும், மழை பெய்ததும் அத்தனை வெடிப்பும் மூடிக்கொள்வதும் இந்தச் சீட்டுக்கட்டு விரிந்து சுருங்குவதால்தான். கரிசல் மேல் போட்ட ரோடு நாலே வருஷத்தில் அலை அலையாக ஏறி இறங்குவதற்கும் அதுவே காரணம். ஒப்பந்தக்காரர்கள் மீது நமக்கு இருக்கிற நியாயமான சந்தேகத்தில் ஒரு பங்கை மண்ணுக்கும் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இப்போது ஈரம். 1911-இல் ஆல்பர்ட் ஆட்டர்பர்க் என்கிற ஸ்வீடன் வேதியியலாளர், களிமண்ணில் தண்ணீர் கூடக்கூட அது படிப்படியாக நிலை மாறுவதை அளந்து எல்லைகள் வகுத்தார். முதலில் கட்டி, பிறகு உதிரி, பிறகு பிசைகிற பதம், கடைசியில் ஓடுகிற குழம்பு. இன்றைக்கும் சிவில் படிப்பவர்கள் லேபில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். எங்கள் ஊர் சம்சாரிகளுக்கு லேப் தேவைப்படவில்லை. ஒரு கைப்பிடி எடுத்து அமுக்கிப் பார்த்து "பதம் வந்துருச்சு", "இன்னும் பதம் வரல" என்று சொல்லிவிடுவார்கள். கரிசலில் அந்தப் பதம் சில நாள்தான் நிற்கும். முந்தினால் ஒட்டும், பிந்தினால் இறுகிவிடும். மழை பெய்த பிறகு காட்டில் கால் வைக்கமுடியாது என்பதால்தான் பருவமழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைக்கிற பழக்கம் இங்கே இருக்கிறது. 1901-லிருந்து கோவில்பட்டியில் இயங்குகிற வேளாண் ஆராய்ச்சி நிலையமும் மானாவாரிக்கு அந்த விதைப்பைத்தான் பரிந்துரைக்கிறது.

ஈரக் கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும். செருப்பில் ஒட்டி, ஒட்டினதன் மேல் இன்னும் ஒட்டி, பத்தடி நடப்பதற்குள் நாம் நாலு விரற்கடை உயர்ந்திருப்போம். சைக்கிளில் போனால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பி, பைதா சுற்றுவதே நின்றுவிடும். அப்பா முன் மட்கார்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் மழைக்காலத்தில் காட்டுக்குச் சைக்கிள் எடுப்பார். இது பிசைகிற பதத்துக் கரிசல். டிராக்டரின் பின் டயர்க் கட்டைகளுக்கு நடுவில் அப்பிக்கொண்டு ரோட்டுக்கு வருவது இதுதான். ரோட்டில் ஏறி ஐம்பது நூறு மீட்டர் ஓடுவதற்குள் கட்டி கட்டியாக உதிர்ந்துவிடும். கண்மாயில் வண்டல் அள்ளுகிற நாட்களில் லாரியும் சேர்ந்துகொள்ளும்.

உதிர்ந்த கட்டி காய்கிறது. பஸ்ஸும் காரும் ஏறி அதை மாவாக்குகின்றன. அந்த மாவு ரோட்டின் சொரசொரப்புக்குள் போய் உட்காருகிறது. இங்கேதான் வில்லங்கம். தார் ரோட்டின் பிடியில் பெரும்பங்கு வருவது ஜல்லியின் மேல் இருக்கிற, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்ணிய சொரசொரப்பிலிருந்து. டயர் ரப்பர் அந்தச் சின்னச் சின்ன முனைகளில் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மைக்ரான் களிக்கு அந்தப் பள்ளங்களை நிரப்புவது ஒரு வேலையே இல்லை. அதன் மேல் நாலு தூத்தல் விழுகிறது. கழுவிக்கொண்டு போகிற அளவுக்குத் தண்ணீர் இல்லை, குழைக்கப் போதுமான அளவுக்கு இருக்கிறது. சீட்டுக்கட்டு நனைந்துவிட்டது, தகடு தகடாக நழுவத் தயார். இதோடு நாள்கணக்கில் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கும் டயர்த் தூளும் கலந்துகொள்ளும். நல்ல மழையாக அரைமணி நேரம் கொட்டினால் எல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். வெறும் தூத்தலோடு நின்றுபோனால் அந்தப் பசை காய்கிற வரைக்கும் அங்கேயே கிடக்கும்.

மழை ரோட்டில் வழுக்குவது என்றாலே இணையத்தில் எல்லாரும் சொல்வது டயர் தண்ணீர் மேல் மிதக்கும் சமாச்சாரம். விமான டயர்களை வைத்து நாசா 1960-களில் கண்ட கணக்கு ஒன்று உண்டு. 30 பிஎஸ்ஐ காற்றுள்ள டயருக்கு அது சுமார் 90 கி.மீ. வேகத்தில்தான் நடக்கும், அதற்குத் தேங்கிய தண்ணீரும் வேண்டும். கரிசல் படலத்துக்கு இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. இருபதில் போனாலும் விழத்தட்டும். கறுப்பு ஐஸும் அப்படியே. "நான் மெதுவாத்தானே போனேன்" என்று விழுந்தவர்கள் எல்லாரும் சொல்வது உண்மைதான்.

ஒரு சின்னக் கணக்கு. பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம், வேகத்தின் வர்க்கத்தை உராய்வுக் கெழுவால் வகுத்து வருவது. காய்ந்த தார் ரோட்டில் அந்தக் கெழு சுமார் 0.7, சுத்தமான ஈர ரோட்டில் 0.5-ஐ ஒட்டி, ஐஸில் 0.1. குழைந்த கரிசலுக்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி காய்ந்த ரோட்டில் 20 மீட்டரில் நிற்கும். ஈர ரோட்டில் 28. கரிசல் பசையில் 71. ஐஸில் 142. நாம் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போகிற ஒரு நொடிக்கு இன்னொரு 17 மீட்டரை எல்லாவற்றோடும் கூட்டிக்கொள்ளுங்கள். திருப்பிப் பார்த்தால், காய்ந்த ரோட்டில் 60-இல் நிற்கிற தூரத்துக்குள் கரிசல் பசையில் நிற்கவேண்டுமென்றால் வேகம் முப்பதை ஒட்டித்தான் இருக்கலாம்.

இது நாலு சக்கரத்துக்கு. இரண்டு சக்கரத்துக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. வளைவில் பைக்கைச் சாய்க்கிறோமே, காய்ந்த ரோட்டில் 35 டிகிரி வரை சாய்த்தாலும் டயர் தாங்கும். கெழு 0.2 ஆனால் 11 டிகிரிதான். கார் வழுக்கினால் நகரும், அவ்வளவுதான். பைக் வழுக்கினால் விழும். கறுப்பு ஐஸ் ஊர்களில் குளிர்காலத்தில் பைக்கை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். நம்மால் முடியுமா? எங்கள் பக்கம் மழைக்காலம்தான் விவசாயக் காலம். வருஷத்துக்குப் பெய்கிற 700 சொச்சம் மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் பெய்துவிடும். அந்த மூன்று மாதத்தில்தான் களையெடுக்க, உரம் போட, மருந்தடிக்க என்று அத்தனை பேரும் ரோட்டில் இருப்பார்கள். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் உரமூட்டை, பின்னால் வீட்டுக்காரம்மா, நடுவில் தூக்குச்சட்டி. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சைக்கிளில். விழப்போவது யார் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை.

முதல் மழை ஏன் மோசம் என்பதற்குப் புள்ளிவிவரம் உண்டு, ஆனால் அமெரிக்காவில். டேனியல் ஐசன்பெர்க் என்பவர் 1975-லிருந்து 2000 வரையிலான விபத்துக் கணக்குகளை மழைக் கணக்கோடு வைத்துப் பார்த்து 2004-இல் வெளியிட்டார். முந்தைய மழைக்கு இரண்டு நாள் கழித்து ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், உயிர்ப்பலி விபத்துகள் சுமார் 3 சதவீதம் கூடுகின்றன. இருபது நாளுக்கு மேல் காய்ந்து கிடந்துவிட்டு அதே ஒரு சென்டிமீட்டர் பெய்தால் 9 சதவீதம். அடுத்த வருஷம் இன்னொருவரோடு சேர்ந்து பனிப்பொழிவையும் இப்படியே பார்த்தார். பனி பெய்கிற நாட்களில் உயிர்ப்பலி விபத்துகள் உண்மையில் குறைவு, காரணம் ஜனங்கள் மெதுவாகப் போகிறார்கள். ஆனால் வருஷத்தின் முதல் பனி நாள் மட்டும் மற்றப் பனி நாட்களைவிட நிறையவே ஆபத்தானது. பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. எங்கள் கரிசலில் கோடை முழுக்கக் காய்ந்து, இடையில் ஒன்றிரண்டு கோடை மழை தவிர ஒன்றுமில்லாமல், புரட்டாசிக் கடைசியில் விழுகிற முதல் தூத்தலை இதோடு வைத்துப் பாருங்கள். ரோட்டுக்கும் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, நமக்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? மினியாபொலிஸ் நண்பர் சொல்லித்தந்த குறி: ரோடு ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன்னால் போகிற வண்டியின் டயர் தண்ணீரைச் சிதறடிக்கவில்லை என்றால் அது ஈரம் இல்லை, ஐஸ். கரிசலுக்கும் இதைப்போல் ஒன்று உண்டு. முன்வண்டியிலிருந்து வருவது தண்ணீரா, கறுப்புப் புள்ளியா? ஹெல்மெட் கண்ணாடியில், சட்டையில் கறுப்புப் புள்ளி விழ ஆரம்பித்துவிட்டால் ரோட்டில் பசை இருக்கிறது என்று அர்த்தம். டயர்ச் சத்தமும் மாறும், "ஸ்ஸ்" என்ற ஈரச் சத்தம் அமுங்கிப்போகும். ராத்திரியில் ஹெட்லைட்டை நம்பவேண்டாம். வழவழப்பான படலம் வெளிச்சத்தைக் கண்ணாடி மாதிரி முன்பக்கமே தட்டிவிடும், நம் கண்ணுக்குத் திரும்பி வராது. அதனால் ரோட்டில் எந்த இடம் மற்ற இடத்தைவிட இன்னும் கறுப்பாகத் தெரிகிறதோ அந்த இடம்தான் சந்தேகத்துக்குரியது.

இடங்களும் ஏறக்குறைய நிரந்தரம். பிஞ்சையிலிருந்து வண்டித்தடம் ஏறுகிற வாய், கண்மாய்க் கரையிலிருந்து இறங்குகிற இடம், தரைப்பாலத்தின் இரண்டு முனை. எல்லாவற்றையும்விட மோசம் ரோட்டின் ஓரம். ஒற்றை ரோட்டில் எதிரே பஸ் வந்தால் நாம் பழக்கதோஷத்தில் தாரை விட்டு இறங்கி வழிவிடுவோம். வெயில் காலத்தில் ஓரத்துக் கரிசல் சிமெண்டு மாதிரி இருக்கும். மழை தொட்ட பிறகு அதே ஓரத்தில் முன்சக்கரம் இறங்கினால் திரும்ப ஏறாது. தாரின் விளிம்பில் உரசிக்கொண்டே போய், ஏற்ற முயற்சிக்கிற நொடியில் கவிழ்த்துவிடும். தூத்தல் நாளில் எதிரே பஸ் வந்தால் தாரின் மேலேயே நின்றுவிடுங்கள். பஸ் டிரைவர் நாலு வார்த்தை சொல்லுவார், சொல்லட்டும்.

வழுக்க ஆரம்பித்துவிட்டால் செய்வதற்கு அதிகமில்லை. ஆக்ஸிலேட்டரை விடலாம், கிளட்சைப் பிடிக்கலாம், ஹேண்டிலை நேராக வைக்கலாம், முன் பிரேக்கைத் தொடாமல் இருக்கலாம். டயருக்கு இருக்கிற கொஞ்சப் பிடியைப் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் பங்குபோட முடியாது, ஏதாவது ஒன்றுக்குத்தான் கொடுக்கமுடியும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், நல்ல விஷயம்தான். ஆனால் இல்லாத பிடியை அதனால் உண்டாக்க முடியாது. என் பைக்கில் ஏபிஎஸ் இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஐஸ் ஊர்களில் ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, லாரி லாரியாக உப்பை ரோட்டில் இறைப்பதை முதலில் பார்த்தபோது வயிறெரிந்தது. உப்பு கலந்தால் உறைநிலை இறங்கும், ஆனால் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே அது ரொம்பவும் மெதுவாகத்தான் வேலை செய்யும். கரிசலுக்கு அப்படியொரு மருந்து கிடையாது. ஆனால் ஐஸை வானம் கொண்டுவருகிறது, கரிசலை ரோட்டுக்கு நாம் கொண்டுவருகிறோம். பிரிட்டனில் 1980-ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டப்படி வயலிலிருந்து ரோட்டுக்குச் சேற்றைக் கொண்டுவந்து போடுவது குற்றம். அங்கே விவசாயிகள் ரோட்டில் சேறு இருப்பதாக போர்டு வைத்து, வேலை முடிந்ததும் வழித்துவிடவேண்டும். அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து, வாடகை டிராக்டருக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்து உழுகிற சம்சாரி தலையில் கட்டவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு ஏற்கனவே ஆயிரம் பாடு. ஆனால் வண்டித்தடம் தாரில் ஏறுவதற்கு முந்தின இருபது மீட்டருக்குச் சரள் அடித்தால், டயரில் இருக்கிற களியில் பெரும்பங்கு அங்கேயே உதிர்ந்துவிடும். கட்டடவேலை நடக்கிற இடங்களில் பல நாடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு மூன்று லோடு சரள் போதும். நூறு நாள் வேலையில் செய்யலாம், பஞ்சாயத்தில் செய்யலாம்.

கை சரியானதும் நான் விழுந்த இடத்துக்குப் போய், பிஞ்சைக்காரரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். "எம் மருமகனும் அதே எடத்துலதான் விழுந்தாரு சார், போன வருசம்" என்றார். இரண்டு லோடு சரளை ஆளுக்குப் பாதியாகக் காசு போட்டு இறக்கினோம். போன ஐப்பசியில், தூத்தல் விழுந்த ஒரு சாயங்காலம், அந்த இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு ரோட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். தார் சொரசொரவென்று தட்டுப்பட்டது. அங்கிருந்து நானூறு மீட்டர் தள்ளி அடுத்த வண்டித்தடம். அங்கே இன்னும் கரம்பைதான்.